கக்கூஸ் வக்கீலும் சந்தைப்பேட்டை வழக்கும்

கொலைகாரனுக்காக வாதாடிய வக்கீல் உண்டு, கொள்ளைக்காரனுக்காக வாதாடிய வக்கீலும் உண்டு. கக்கூஸுக்காக வாதாடிய வக்கீல் உலகத்திலேயே ஒருவர்தான். அவருடன் ஒரே அறையில் வேலை பார்த்தவன் நான். இத்தனை நாள் இதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, இப்போது பெருமையாகவே சொல்கிறேன்.

அவர் சட்டம் படித்தவர் இல்லை. மதுரையில் ஓர் அரசு மருத்துவமனையில், பால்வினை நோய்ப் பிரிவில் ஆலோசகர். வருகிறவர்களிடம் பக்குவமாகப் பேசி, நோய் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போயிருக்கும் என்று விசாரித்து, அவர்களையும் வைத்தியத்துக்கு வரவழைப்பது அவர் வேலை. டாக்டர் எழுதுகிற மாத்திரையை எடுத்துக் கொடுப்பது என் வேலை. வராந்தாவின் கடைக்கோடியில் எங்கள் அறை. அந்த வராந்தாவில் நேராக நடந்து வந்த நோயாளியை நான் கண்டதே இல்லை. ஒருவர் கண் டாக்டரைத் தேடுகிறவர் போல வருவார். இன்னொருவர் செல்போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டே வந்து, சண்டை முடியுமுன்பே உள்ளே நுழைந்துவிடுவார். நான் மட்டும் என்ன வாழ்ந்தது? என் மனைவி சொந்தபந்தங்களிடம் எனக்குக் கண் பிரிவில் வேலை என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். கல்யாண வீடுகளில் பெரியவர்கள் என்னைப் பிடித்துக் கண்புரையைப் பற்றிச் சந்தேகம் கேட்பார்கள். நானும் தெரிந்த மாதிரி ஏதாவது சொல்லிவைப்பேன்.

உள்ளே வந்து உட்காருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்லுகிற பதில் ஒன்றுதான்.

“பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்ல ஒட்டிக்கிச்சு சார்.”

இதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிடும். பெற்ற பிள்ளையைத் திருடன் என்று சொன்னால்கூட அவ்வளவு ரோஷம் வராது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குறுக்கு விசாரணையைத் தொடங்குவார்.

“ஆம்பளைங்க பக்கந்தான போன?”

“ஆமா சார்.”

“நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?”

“நின்னுக்கிட்டுத்தான்.”

“அப்ப தரையில கெடந்த கிருமி தாவி வந்து ஏறிருச்சு. அதுவும் சரியா அந்த எடம் பாத்து.”

அவன் தலையைக் குனிந்துகொள்வான். வக்கீல் விடமாட்டார்.

“சரி மாப்ள, ஒன் பேச்சுக்கே வாரேன். ஒனக்கு மட்டும் மருந்து குடுத்தா அது பாதி வைத்தியந்தான். ஒனக்கு இத யார் குடுத்தாகளோ, அவுகளுக்கும் மருந்து குடுக்கணும். நீ கக்கூஸுன்னு சொல்லிட்ட. போய் அதக் கூட்டிட்டு வா. எந்த வாயில மாத்திரையப் போடுறதுன்னு நான் பாத்துக்கிறேன்.”

இந்த இடத்தில் எப்படிப்பட்ட ஆளும் சிரித்துவிடுவான். சிரித்தபிறகு அவனுக்குப் பொய் சொல்ல வராது. மெல்ல மெல்ல உண்மை வெளியே வரும். அதைக் கேட்கும்போது மட்டும் வக்கீல் ஒரு வார்த்தை கிண்டல் பேசமாட்டார், “ம்” கொட்டிக்கொண்டே கேட்பார். என்னைப் பார்த்துத் தலையை அசைப்பார். நான் எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவேன்.

கக்கூஸை அவர் ‘என் கட்சிக்காரர்’ என்றுதான் சொல்லுவார். எந்த ஊருக்குப் போனாலும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கட்சிக்காரரைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. அவசரம் இருக்கிறதோ இல்லையோ, போவார். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குக் கக்கூஸ் வக்கீல் என்று பெயர் விழுந்துவிட்டது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளமாட்டார், சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்.

கக்கூஸ் இல்லாவிட்டால் மற்ற குற்றவாளிகள் வருவார்கள். லாட்ஜ் பக்கெட், மச்சானுடைய லுங்கி, வெயிலில் நின்ற மோட்டார் சைக்கிளின் சீட், மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்து லாரியில் வந்தது. இதெல்லாம் எடுபடாது என்று தெரிந்தால் கடைசியாக ‘வெட்டைச் சூடு’. எங்கள் பக்கத்தில் சிறுநீர் எரிந்தால் ஊரே கூடி உடம்புச் சூடு என்று தீர்ப்பு எழுதிவிடும். வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் எரிச்சலுக்கு வெந்தயத்தை முழுங்கி, இளநீரைக் குடித்து, நுங்கு சீசன் முழுக்க நுங்காகவே தின்று தீர்த்துவிட்டு, சீசன் முடிந்தபிறகுதான் எங்களிடம் வந்தார். அவரைப் பார்த்து வக்கீல், “அண்ணே, ஒங்க நோவத் தவிர மத்ததெல்லாம் குளுந்து போச்சு” என்றார்.

கட்சிக்காரருக்காக அவர் வைத்திருந்த வாதம் ரொம்ப எளிமையானது. “கம்மாயில கெடக்குற மீனத் தூக்கித் தரையில போட்டா எம்புட்டு நேரம் உசுரோட இருக்கும்? இந்தக் கிருமிக அதவிட மோசம். ஒடம்புச் சூடும் ஈரமும் இருக்கிற வரைக்குந்தான் ஆட்டம். வெளிய வந்து காத்துப் பட்டுக் காஞ்சா அம்புட்டுத்தான். எச்.ஐ.வி., சிபிலிஸ், இந்த எரிச்சல் குடுக்குறது எல்லாம் இந்தக் கணக்குத்தான். ஒடம்பும் ஒடம்பும் சேர்ந்தாத் தாண்டும். சிலது ரத்தத்துல தாண்டும், தாய்கிட்ட இருந்து பிள்ளைக்குத் தாண்டும். கக்கூஸ்ல இருந்தெல்லாம் தாண்டி வாராது.”

ஆனால் கிடைத்த கேஸை எல்லாம் எடுத்துக்கொள்கிற வக்கீல் இல்லை அவர். சிரங்கும் பேனும் அடுத்தவர் போர்வையிலிருந்து வரும் என்பதால் போர்வைக்கு அவர் வாதாடமாட்டார். சவரக் கத்திக்கும் வாதாடமாட்டார். ஒரு வகை மஞ்சள்காமாலைக் கிருமி, பி வகை, காய்ந்த ரத்தத்தில்கூட நாள்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். உடம்பும் உடம்பும் சேர்ந்து பரவுகிற அது, இந்தக் கத்தி வழியாகவும் பரவும். சிம்மக்கல் பக்கத்தில் ஒரு சலூனில், வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் இதை அவர் விளக்கிச் சொன்னார். அந்தக் கடைக்காரர் ஆளுக்கு ஒரு புது பிளேடு போடுகிற நல்ல மனிதர். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கூப்பினார்.

“அண்ணே, ஒங்க வீட்டுக்கே வந்து முடி வெட்டி விடுறேன். கடைப்பக்கம் மட்டும் வராதீக.”

வக்கீலின் மகளைப் பெண் பார்க்க வந்த அன்றும் இதே கூத்துதான். மாப்பிள்ளையின் அப்பா மரியாதைக்கு, “சம்பந்திக்கு ஆஸ்பத்திரியில என்ன வேலை?” என்று கேட்டுவிட்டார். கேசரிக்கும் பஜ்ஜிக்கும் நடுவில் வக்கீல் முழு விவரத்தையும் சொன்னார். பஜ்ஜியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி அடுப்படிக்குள் போய்த் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாராம். சம்பந்தம் முறிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். புறப்படும்போது அந்தப் பெரியவர் வக்கீலைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஏதோ ஒரு சந்தேகம் கேட்டார். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. என்ன சந்தேகம் என்று நான் பலமுறை கேட்டும் வக்கீல் வாயைத் திறக்கவில்லை.

இனி சந்தைப்பேட்டை வழக்குக்கு வருகிறேன். உசிலம்பட்டிக்கு அப்பால் ஒரு சந்தை ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரையும் ஆட்களின் தொழிலையும் மாற்றித்தான் எழுதுகிறேன், தேடிக்கொண்டு போகவேண்டாம்.

அந்த ஊர்ச் சந்தையில் ஒரு கட்டணக் கழிப்பறை. அதை ஏலத்தில் எடுத்து நடத்துகிறவர் பாண்டியம்மா. புருஷன் காலொடிந்து வீட்டில் கிடக்க, அந்தக் கழிப்பறைதான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. பிரஷ்ஷும் பினாயிலுமாக அதைச் சாமி மாடம் மாதிரி வைத்திருப்பார். காய்கறி விற்க வருகிற பெண்களுக்கு அந்த ஊரில் அதைவிட்டால் ஒதுங்க வேறு இடம் கிடையாது.

ஒரு நாள் அந்த ஊர் மகளிர் குழுவின் வாட்ஸ்அப்பில் ஓர் ஆடியோ வந்தது. பேசியவர் வெங்காய மண்டிக்காரரின் மனைவி தனலட்சுமி. “அக்கா தங்கச்சிகளா, சந்தைக் கக்கூஸுக்கு யாரும் போயிறாதீக. அங்கன போனா அசிங்கமான நோவெல்லாம் ஒட்டிக்கிருதாம். எங்க வீட்டுக்காரரு மதுரையில பெரிய டாக்டர்கிட்டயே விசாரிச்சிட்டு வந்துட்டாரு.” சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அந்த ஆடியோ சுற்றிவிட்டது. மண்டிக்காரர்தான் வணிகர் சங்கத் தலைவர். மனைவி சும்மா விடவில்லை, “தலைவரா இருந்துக்கிட்டுப் பாத்துக்கிட்டிருக்கீகளே” என்று குத்த, அவரே போய்க் கழிப்பறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். நிரந்தரமாக மூடிவிடலாமா என்று முடிவுசெய்யக் கூட்டம் போட்டார்கள். ஏதோ ஒரு நல்ல மனசு, ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வந்து விளக்கம் சொன்னபிறகு முடிவு எடுக்கலாம் என்றது. எங்கள் டாக்டர் வக்கீலை அனுப்பினார். வக்கீல் என்னையும் கூட்டிக்கொண்டார்.

டவுன் பஸ்ஸில் போகும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே வாதத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். வாழ்நாளில் முதல் தடவையாகக் கட்சிக்காரரை நேரில் வைத்து வாதாடப் போகிறார் இல்லையா.

சந்தைப்பேட்டையில் கொட்டகைக்குக் கீழே கூட்டம். ஒரு பக்கம் சங்கத்து ஆண்கள், இன்னொரு பக்கம் காய்கறிக் கூடைகளோடு பெண்கள். பூட்டிய கழிப்பறைக்கு முன்னால், வழக்கமான தன் நாற்காலியில், பாண்டியம்மா மட்டும் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். சங்கத் தலைவர் எங்களை வரவேற்க மாலையோடு வந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, செல்போனில் சண்டை போட்டுக்கொண்டே எங்கள் அறைக்குள் வந்தாரே, அந்த ஆள். என் கையால்தான் மாத்திரை வாங்கினார். அவரும் பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் என்றுதான் ஆரம்பித்து, சிரித்து, உண்மையைச் சொன்னவர். “வீட்டம்மாவக் கட்டாயம் கூட்டியாங்கண்ணே. பொம்பளைகளுக்கு இது வெளிய தெரியாது, உள்ளுக்குள்ளயே இருந்து கர்ப்பப்பையக் கெடுத்துரும்” என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். “அடுத்த வாரம் கூட்டியாரேன்” என்று போனவர் திரும்பவே இல்லை. வீட்டில் மாத்திரை அட்டையைப் பார்த்து மனைவி கேட்டிருக்கிறார். எங்களிடம் எடுபடாத அதே கதையை, கழிப்பறையை மட்டும் உள்ளூர்க் கழிப்பறையாக மாற்றி, அங்கே சொல்லிவிட்டார் மனிதர்.

வக்கீல் மாலையைத் தானே வாங்கிப் போட்டுக்கொண்டார். “ஐயா யாரு, தெரியலையே” என்றார். பக்கத்திலிருந்த டீக்கடைக்காரர்தான் அறிமுகம் செய்து வைத்தார். “ரொம்பச் சந்தோசம்” என்று வக்கீல் கும்பிட்டார். முதன்முதலாகப் பார்க்கிறவர்கூட அவ்வளவு அந்நியமாகக் கும்பிடமாட்டார்.

நான் அவர் காதருகே போய், “அண்ணே, ஒரு வார்த்தை போதும், கேஸ் முடிஞ்சது” என்றேன்.

“வாய மூடு” என்றார். என்னிடம் அவர் அப்படிப் பேசியது அந்த ஒரு முறைதான்.

வாதம் தொடங்கியது. கம்மாய் மீனைச் சொன்னார். காற்றையும் வெயிலையும் சொன்னார். அழுக்குக் கக்கூஸால் வயிற்றுப்போக்கும் பூச்சியும் வரலாம், அதற்குக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், இந்த நோய்கள் அந்த வழியில் வராது என்றார். டீக்கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

“சார், நீங்க புத்தகத்துல உள்ளதச் சொல்றீக. அங்கன போனவுகளுக்கு வந்துருக்குன்னு ஊரே பேசுது.”

வக்கீல் காலரைச் சரிசெய்துகொண்டார். “சரிண்ணே. வந்துருக்குன்னே வச்சுக்குவோம். அப்ப இந்தக் கக்கூஸுக்குப் போன அம்புட்டுப் பேரும் ஆபத்துல இருக்கீக. நான் வேனுக்குச் சொல்லியிருக்கேன், வந்துக்கிட்டிருக்கு. போன ஆம்பளைக எல்லாம் எந்திரிச்சு நில்லுங்க. வீட்டம்மாவையும் கூட்டிக்கிருங்க. ரத்தம் எடுத்துருவோம்.”

முதலில் டீக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

“நான் எதுக்கு அங்க போறேன்? எங்க வீடு பக்கத்துலதான இருக்கு.”

“நானும் போனதில்ல” என்றார் உரக்கடைக்காரர். “காலையில வீட்டுல போனா, பெறகு ராத்திரிதான்.”

வரிசையாக எழுந்து சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். அந்த ஊரில் ஓர் ஆண்மகன்கூட அந்தக் கழிப்பறையை மிதித்ததில்லை என்று ஆகிவிட்டது. நாற்காலியில் இருந்த பாண்டியம்மா அத்தனை பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். கூடைக்காரப் பெண்களில் ஒருவர்தான் கேட்டார்.

“நாங்கதானப்பா வருசம் பூரா போறோம். எங்க யாருக்கும் ஒண்ணும் வரல. போகாத ஆம்பளைங்களுக்கு எப்பிடி வந்துச்சு? இத மொதல்ல சொன்னது யாரு?”

தனலட்சுமி சட்டென்று எழுந்தார். அந்த அம்மாளிடம் கள்ளம் கபடம் ஒன்றும் கிடையாது. “எங்க வீட்டுக்காரருதான் சொன்னாரு. அவரு பொய் சொல்லுவாரா?”

ஊர் மொத்தமும் தலைவரின் பக்கம் திரும்பியது. வக்கீல் கம்மென்று நின்றிருந்தால் போதும், கழிப்பறை தானாகவே ஜெயித்திருக்கும். நான் மனதுக்குள் கைதட்டத் தயாராக இருந்தேன்.

வக்கீல் இரண்டு எட்டு வைத்துத் தலைவருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்றார்.

“தலைவர் சொன்னதுல என்னப்பா தப்பு? மதுரையில பாதிப் பேரு இதத்தான் நம்புறாய்ங்க. நானே இந்த வேலைக்கு வாரதுக்கு முன்னாடி நம்புனவந்தான். ஊரு நல்லா இருக்கணும்னு அவரு முன்கூட்டியே பூட்டிட்டாரு. இப்ப வெளக்கம் கேட்டாச்சு. பூட்டுனவர் கையாலயே தொறந்து விட்டுட்டாருன்னா முடிஞ்சது. என்னண்ணே, சாவி ஒங்ககிட்டதான இருக்கு?”

தலைவர் சட்டைப்பையில் கையை விட்டார். சாவியைத் தேடி எடுத்தார். கழிப்பறைக் கதவுவரை நடந்து போய்ப் பூட்டைத் திறந்தார். பிறகு பாண்டியம்மா முன்னால் நின்று, “தெரியாமப் பண்ணிட்டேன்த்தா” என்றார். பாண்டியம்மா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, “தண்ணித் தொட்டி காஞ்சு கெடக்கும், வழிவிடுங்க” என்று உள்ளே போனார். கட்சிக்காரரை முதலில் பார்க்கும் உரிமை தனக்குத்தான் என்று மாலையோடு கிளம்பிய வக்கீலைக் கூடைக்காரப் பெண்கள் தள்ளிவிட்டு ஓடினார்கள். பாவம், காலையிலிருந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்.

பஸ் ஏறும்போது தலைவர் வழியனுப்ப வந்தார். வக்கீல் அவரிடம், “வெள்ளிக்கிழம ரூம்லதான் இருப்பேன்” என்று மட்டும் சொன்னார்.

பஸ் கொஞ்ச தூரம் போனபிறகு நான் கேட்டேன். “வேன் எங்கண்ணே?”

“எந்த வேன்?”

“அந்தாளக் காட்டிக் குடுத்திருந்தா ரெண்டே நிமிசத்துல முடிஞ்சிருக்கும்.”

“முடிஞ்சிருக்கும். அதோட நம்ம ரூம் கதவத் தட்டுறதுக்கும் ஒருத்தன் வரமாட்டான். எல்லாரும் நுங்கு தின்னே செத்துப்போவாய்ங்க.” சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

வெள்ளிக்கிழமை அவர் மதியம் சாப்பிடவே இல்லை. வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அறை மூடுகிற நேரத்துக்கு மண்டிக்காரர் வந்தார், பின்னால் தனலட்சுமி. வக்கீல் தலையை அசைத்தார், நான் வெளியே போனேன். கதவுக்கு அப்பால் முதலில் மண்டிக்காரரின் குரல் கேட்டது, பிறகு அந்த அம்மாளின் அழுகை.

மாத்திரை வாங்க என் மேசைக்கு வந்தபோது தனலட்சுமியின் கண்கள் வீங்கியிருந்தன. புருஷனின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. வக்கீலைப் பார்த்துக் கேட்டார்.

“அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியும்லண்ணே?”

“தெரியும்மா.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நான் சொல்லக் கூடாதும்மா. அவருதான் சொல்லணும்.”

“அம்புட்டுப் பேர் முன்னாடி எந்திரிச்சு, எங்க வீட்டுக்காரரு பொய் சொல்லமாட்டாருன்னு பேசுனேனே. ஒங்களுக்குச் சிரிப்பா வந்திருக்கும்.”

“இல்லம்மா” என்றார் வக்கீல். “பயமா இருந்துச்சு. நீங்க மருந்து சாப்பிடாமயே போயிருவீகளோன்னு.”

அந்த அம்மாள் முதல் மாத்திரையை அங்கேயே, வக்கீலின் கண் முன்னாலேயே முழுங்கிவிட்டுப் போனார்.

எனக்கு இதுவரை அந்த மாதிரி நோய் எதுவும் வந்ததில்லை. ஆனாலும் மனதில் யாரிடமும் சொல்லமுடியாத ஒன்று வந்து உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் ஞாபகம்தான் வருகிறது.